இன்சுலின் பேச்சைக் கேட்காத உடம்பு

வடசேரியிலிருந்து தோவாளை போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு நண்பர்கள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பருத்தவன் சொன்னான்:

“எனக்கு இன்சுலின் நெறைய ஊறுதாம் மக்கா. உடம்புதான் அது பேச்சைக் கேக்கலியாம். சிகரெட்டையும் விடணும், தொப்பையையும் குறைக்கணும்னு டாக்டர் சொன்னாரு.”

“அப்போ விட்டுரு.”

“விட்டா பசிக்கும்லா. தின்னா தொப்பை கூடும். அதனால, முதல்ல தொப்பை குறையட்டும்னு சிகரெட்டை விடாம வலிக்கேன்.”

“குறைஞ்சுதா?”

“போன மாசம் பேண்டு ரெண்டு இஞ்சு பெருசா எடுத்தேன்.”

மெலிந்தவன் சிரிக்கவில்லை. “வீட்ல சொன்னியா?” என்று மட்டும் கேட்டான்.



“எப்படிச் சொல்ல? அப்பாவுக்கு அறுவது வயசாவுது. அவருக்கே இன்னும் சுகர் வரல்ல மக்கா.”