துறைத் தலைவரின் கடவுச்சொல்

ஓய்வு பெற்ற ஆளுக்கு அவசியமானவை இரண்டே இரண்டு: வழுக்காத செருப்பு, மாறாத கடவுச்சொல். இரண்டும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் விசாரிக்கப் போவது இரண்டாவதைப் பற்றி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. என்னை யாராவது உட்காரவைத்துப் பேசச் சொல்ல மாட்டார்களா என்று மூன்று வருடமாக ஏங்கிப்போயிருக்கிறேன்.

கணிதத் துறை அலுவலகத்தில் முப்பத்துநான்கு வருடம் கண்காணிப்பாளராக இருந்தேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் இன்றைக்கும் எனக்குத் தகராறு உண்டு. ஆனாலும் உலகத்தில் நடமாடும் கணித மேதைகளில் பாதிப் பேரை அனுப்பிவைத்தது நான்தான். மீதிப் பாதிப் பேர் என்னிடம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆராய்ச்சிப் படிப்புக்கு வெளியே விண்ணப்பிக்கிறவர்களுக்குத் துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். மாணவர் கண்ணில் படாமல் அவரே அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். எங்கள் தலைவர் நாற்பது பரிமாணத்தில் யோசிப்பார். ஒரு கோப்பைத் திறக்கத் தெரியாது. "இதெல்லாம் நீங்களே பாத்துக்கோங்க" என்று கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் பார்த்துக்கொண்டேன்.

அவரிடம் மொத்தமே இரண்டு கடிதங்கள். 'என் இருபது வருட அனுபவத்தில் இவரே தலைசிறந்த மாணவர்' என்பது ஒன்று. வருடத்துக்கு மூன்று தலைசிறந்தவர்கள் கிளம்பினார்கள். 'நேரம் தவறாதவர், கையெழுத்து அழகானது' என்பது இன்னொன்று. இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இந்த ஆள் வேண்டாம். யாருக்கு எது என்பதை அவர் மறந்துபோவார். நான் மறக்க மாட்டேன்.

மாணவர்கள் பன்னிரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டியலோடு என் மேஜைக்கு வருவார்கள். எங்கே போடலாம் என்று வீட்டில் கேட்டால் சண்டை, பேராசிரியரிடம் கேட்டால் பிரசங்கம். நான் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு பெண் வந்தாள். கயிற்றில் விழும் முடிச்சுகளைப் பற்றிய கணிதத்தில் பைத்தியம். அதனால் பெயரே முடிச்சு என்றாகிவிட்டது. அவள் பட்டியலில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. முடிச்சுக் கணிதத்தின் பெரிய ஆசிரியர் ஒருவர் அங்கே இருந்தார்.

"ஒண்ணு மட்டும் போட்டா எப்படிம்மா?"

"வேற எங்க சார் போறது? அவர் அங்கதான இருக்கார்."

அவளுக்காகத் தலைவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினார். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதே வகுப்பில், அதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தான் என் மகன். நிதானமானவன், எந்தக் கேள்விக்கும் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட மாட்டான். இவ்வளவு நல்ல கடிதம் ஒரே ஆளுக்குப் போவது நியாயமாகப் படவில்லை. பெயரை மாற்றி அவனுக்கு ஏற்றினேன். அவளை வெறுங்கையோடு விடவில்லை. நேரம் தவறாதவர், கையெழுத்து அழகானது. இரண்டுமே உண்மை.

அவன் போன ஒரு மாதத்தில் போன் வந்தது.

"அப்பா, எல்லாரும் எங்கிட்ட முடிச்சப் பத்தியே கேக்கறாங்கப்பா. எனக்கு ஷூ லேஸே ஒழுங்காக் கட்ட வராது."

"அவகிட்ட கேளுடா. நல்ல பொண்ணு, சொல்லித் தருவா."

இடம் கிடைக்காத முடிச்சு அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். பெரிய கணக்கு வருகிறதென்று துள்ளிக் குதித்தாள். மாலை ஐந்துக்கு வீடு திரும்பினால் எட்டு வரை அவனுக்கு எழுதி அனுப்புவாள். ஆறு வருடத்தில் என் மகன் பெயரில் நான்கு கட்டுரைகள் வந்தன. கடைசி ஒன்றின் அடியில், பொடி எழுத்தில், அவளுக்கு நன்றி சொல்லியிருந்தான். அதை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கே ஓடி வந்தாள். "எம் பேரு வந்துருக்கு சார்" என்றாள். என் மனைவி காபி கொடுத்தாள்.

போன மாதம் மறுபடி வந்தாள். இந்த முறை பட்டியலில் பன்னிரண்டு இடங்கள். முதலில் இருந்தது அதே இடம்.

"உங்க பையன் அங்க இருக்கான். தெரிஞ்ச ஆள் இருந்தா தைரியமா இருக்கும்ல சார்?"

அவள் அங்கே போய்ப் பலகை முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும், நான்கு கட்டுரைகளையும் எழுதியது யாரென்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்துவிடும். மகனுக்குப் பட்டம் வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

"அங்க குளிர் ஜாஸ்திம்மா, உனக்கு ஒத்துக்காது" என்று சொல்லி அந்தப் பெயரை அடித்தேன். மற்ற பதினொன்றுக்கும் அன்றைக்கே, தலைவரின் கடவுச்சொல்லைப் போட்டு, அந்த இரண்டாவது கடிதத்தை ஏற்றினேன். அவள் வெளியே போனால் அவனுக்கு யார் எழுதித் தருவது?

நீங்கள் கேட்டது கடவுச்சொல்லை மட்டும். மற்றதை நானாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. மகனுக்கு ஒரு தகப்பன் செய்கிறதைச் செய்தேன். அந்தப் பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. அந்தக் குறை தெரியாமல் அவளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.