குங்குமம் வைக்குமுன் கொஞ்சம் வாசியுங்கள்

அவைக்கு அணியாய் அக்கிராசனத்தில் அமர்ந்திருக்கும் ஐயா பாண்டுரங்கனார் அவர்களே! மயிலாப்பூர்ப் பெரியோர்களே! பந்தலில் பாதியை நிறைத்திருக்கும் தாய்மார்களே! லாரி வாங்கிவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்த என் அருமைக் கட்சிக்காரர்களே! வக்கீல் காஸ்பரின் வணக்கம்.

சரக்கு ஏற்றுமுன் நாம் என்ன செய்கிறோம்? டயரைத் தட்டிப் பார்க்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஒப்பந்தத்தை வாசிக்கிறோமா? இல்லை! குங்குமம் வைத்து, அம்மன் பாதத்தில் வைத்து, கண்ணில் ஒற்றிக் கையெழுத்துப் போடுகிறோம். குங்குமம் வைத்த காகிதத்தில் அடித்து எழுதினால் அபசகுனமாம்! யாரது சிரிப்பது? உங்கள் சட்டைப் பையிலும் ஒன்று சிவப்பாக எட்டிப் பார்க்கிறதே ஐயா!

முன்வரிசையில் இருக்கிறாரே, சைதாப்பேட்டைக் கெங்கம்மா, தாலி தவிர அத்தனை நகையையும் விற்று லாரி வாங்கியவர். ஓட்டுவது அவர் கணவர் பக்கிரி. தியாகராய நகரில் வீடு கட்டும் காண்ட்ராக்டர் வலியுல்லா சாயபுக்கு, அடையாற்றின் அக்கரைச் சூளையிலிருந்து செங்கல் கொண்டுவர ஒப்பந்தம். குங்குமம் வைத்த அந்தக் காகிதத்தைக் கெங்கம்மா என்னிடம் கொண்டுவந்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். "எக்காரணத்தால் செங்கல் தாமதமானாலும் லாரி காண்ட்ராக்டரைச் சேரும்." எக்காரணத்தாலும்! மழை பெய்தாலும், பாலம் மூடினாலும்! அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. நேரே சாயபுவிடம் போனோம். கெங்கம்மா கேட்டார்:

"டிரைவர் தூங்கிப்பூட்டா என் தப்பு சாயபு. ஆத்துல வெள்ளம் வந்தா அதுவும் என் தப்பா?"

"கொத்தனாருங்க சும்மா குந்திகினு இருந்தா எனக்கு இன்னாம்மா கதி?"

நியாயமான கேள்வி அல்லவா? கெங்கம்மா யோசித்தார். "வெள்ளம் வடிஞ்சதும் மொத நடை உங்களுக்குத்தான். அதுக்கு முன்னே வேற சரக்கு ஏத்த மாட்டேன்."

"சரி, அடிச்சு எழுது" என்றார் சாயபு. பேனாவை வாங்கிய கெங்கம்மா காகிதத்தைப் பார்க்கிறார்! குங்குமம் சரியாக அந்த வரியின் மேலேயே இருக்கிறது. "அம்மன் காலடில வெச்ச காயிதம் வக்கீலய்யா!" என்றார். பிறகு செய்தாரே ஒரு காரியம்! குங்குமத்தை விரலால் வழித்துத் தம் நெற்றியில் இட்டுக்கொண்டு, அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தார்! சாயபு சிரித்துக்கொண்டே பக்கத்தில் கையெழுத்திட்டார். புது வாக்கையும் எழுதிச் சேர்த்தோம்.

ஐப்பசி வந்தது, அடையாறு பொங்கியது, பாலம் மூடியது! பக்கிரி அக்கரையில் அகப்பட்டார். லாரி கையைவிட்டுப் போயிற்றா? போகவில்லை ஐயா, போகவில்லை! வெள்ளம் வடிந்ததும் முதல் நடை சாயபுக்கே வந்தது. அதோ, வெளியே ஹாரன் கேட்கிறதே, அந்த லாரிதான்! போதும் பக்கிரி, நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

தோழர்களே! துறைமுக வியாபாரிகள் நம் எல்லோருக்கும் அனுப்பிய ஒப்பந்தம் இந்த மேஜையில் இருக்கிறது. அதிலும் அதே 'எக்காரணத்தாலும்'! வாய் மூடிக் கையெழுத்திடுவோமா? மாட்டோம்! வரி வரியாய் வாசிப்போம்! வாதாடுவோம்! நம் தப்புக்கு நாம் பொறுப்பு, ஆற்றுக்கு அல்ல என்று அடித்து எழுதுவோம்!

குங்குமத் தட்டு எங்கே என்று அங்கே தேடுகிறீர்கள். அது கெங்கம்மாவின் மடியில் பத்திரமாக இருக்கிறது. வாசித்து முடித்தபின் தருவார். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்!