அருணாசலனார் கழற்றித் தந்த ஆக்சில்

(1944, வைகாசி. புளியஞ்சோலையில் கார்க் கொட்டகைத் திறப்பு விழாவில் துறையூர்த் தமிழாசிரியர் ஒருவர் பேசியது.)

கொல்லிமலையின் குளிர்ச்சியைக் குணத்திலும், அதன் கம்பீரத்தை மீசையிலும் வைத்துக்கொண்டு இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் திண்ணனூர் நாட்டு ஊர்க்கவுண்டர் சின்னுசாமி அவர்களே! நான் யாரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்தால் எழுந்து ஓடிவிடக்கூடிய, ஆகையால் மேடையின் நடுவிலே நெருக்கி உட்கார வைக்கப்பட்டிருக்கும் துறையூர் அருணாசலனார் அவர்களே! கல்லோடு போராடிச் சாமையும் தினையும் விளைவித்து, அதில் பாதியைப் பன்றிக்குப் பறிகொடுத்து, மீதியை விருந்தாளிக்கு வைக்கும் மலைநாட்டுப் பெரியோர்களே! விடியுமுன்னே களி கிண்டி வைத்துவிட்டு, இடுப்பிலே பிள்ளையோடு செங்குத்துப் பாதையில் இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! அடிவாரத்து அன்பர்களே! அனைவருக்கும் இந்த எளியவனின் வணக்கம்!

என்னங்க? பின்னாலே கேட்கவில்லையா? ஆற்றங்கரையில் கூட்டம் போட்டால் இதுதான் தொல்லை. ஆறு என்னைவிட நன்றாகப் பேசுகிறது. கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். சிறப்பாகப் பேசாவிட்டாலும் சத்தமாகப் பேசுகிறேன்.

ஒரு காருக்குக் கொட்டகை போட்டோம். அதற்கு ஒரு விழாவா, அதற்கு ஒரு மாலையா என்று துறையூரில் ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கேட்டவர் மலையில் பிறந்தவர் அல்லர். மலையில் பிறந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்! மேலே ரோடு உண்டா? இல்லை. வைத்தியசாலை உண்டா? இல்லை. வலி கண்ட பெண்ணைப் போர்வையில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோளில் சுமந்து, வழுக்குப் பாறையிலே கால் ஊன்றி ஊன்றி இந்தப் புளியஞ்சோலைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள். இங்கிருந்து துறையூர் ஆஸ்பத்திரிக்கு? மாட்டுவண்டி! கல்லிலே ஏறிக் குழியிலே விழும் மாட்டுவண்டி! அந்தக் குலுக்கலிலே எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டாம்.

அந்த வழிக்கு ஒரு கார் வந்தது. கொண்டுவந்தவர் நம் கருப்பண்ணன். இந்த அடிவாரத்துப் பிள்ளை. சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடம் டிரைவராக இருந்தவர். துரை சீமைக்குக் கப்பலேறும்போது, பழசாகிப்போன தம் காரை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். இவர் அதை வாடகைக்கு ஓட்டினார். ஆனால், ‘மலையிலிருந்து ஆள் இறங்குது’ என்று சொல் வந்துவிட்டால், கல்யாண மாப்பிள்ளையே உள்ளே உட்கார்ந்திருந்தாலும், “கொஞ்சம் இறங்குங்க மாப்பிள்ளே” என்று இறக்கிவிட்டு இங்கே வந்துவிடுவார். சிரிக்கிறீர்கள்! அதோ, இறங்கின மாப்பிள்ளையும் சேர்ந்து சிரிக்கிறார்!

போன தை மாதம் அந்தக் கார் நின்றது. துறையூர் எல்லையிலே, பின்பக்கம் டணார் என்று ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. பின் சக்கரத்தைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு, ஆக்சில் என்கிறார்களே, அது இரண்டாக முறிந்துவிட்டது. இரண்டு மாடுகளைப் பூட்டிக் கொல்லன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

முறிந்தால் என்ன, வேறு வாங்கிப் போடலாமே என்பீர்கள். கருப்பண்ணனும் அப்படித்தான் கிளம்பினார். துறையூரில் அவர் வண்டி வாடகைக்கு நிற்பது என் தெருமுனையில். இங்கிலீஷ் பேசவேண்டி வந்தால் உதவும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார். அங்கே சாமான் கடைக்காரர் முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். “இந்த மாடலை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சுங்களே. அப்புறம் அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க. இனிமே இதுக்கு ஒரு ஆணிகூட வராதுங்க” என்றார்.

இன்னொரு கடையில், யுத்தம் முடியட்டும், கப்பல் வரட்டும் என்றார்கள். பிறக்கப்போகிற பிள்ளை யுத்தம் முடியட்டும் என்று காத்திருக்குமா? கருப்பண்ணன் தனியாகச் சென்னைக்கு ரயிலேறினார். பழைய இரும்புக் கடைகளிலே துருவோடு துருவாகத் துழாவினார். நெட்டையானது கிடைத்தது, குட்டையானது கிடைத்தது. பொருந்துவது கிடைக்கவில்லை. துறையூர்க் கொல்லர் மனமிரங்கி ஒன்றை அடித்துக் கொடுத்தார். பார்வைக்கு அச்சு அசல் அதேதான். ஊர் எல்லை தாண்டுமுன் கரும்பாய் முறுக்கிக்கொண்டது.

அப்போது அந்தக் கொல்லர் மெல்லச் சொன்னார்: “இதே கார், இதே மாடல், நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு. ஆனா அதைக் கேக்க முடியாது, கருப்பண்ணா.”

ஏன் கேட்க முடியாது? அது மரகதம்மாளின் கார்!

அருணாசலனார் அவர்களே, பொறுத்தருள வேண்டும். உங்கள் அனுமதி கேட்காமலேதான் சொல்கிறேன். எண்ணெய்ச் செக்கு முதலாளியான இந்த ஐயாவின் மனைவி மரகதம்மாள், துறையூர் வீதியிலே முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண்மணி. ஊர் வாய்பொத்திச் சிரித்தது. அம்மையார் ஹாரனை அமுக்கி அதற்குப் பதில் சொன்னார்! ஐயாவுக்கு ஓட்டத் தெரியாது. மனைவி ஓட்ட, பக்கத்திலே வெற்றிலைப் பெட்டியோடு அமர்ந்து, மாலைதோறும் ஏரிக்கரைக்குப் போய் வருவார். பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த முகத்திலே எத்தனை பெருமை!

ஆறு வருஷத்துக்கு முன் விஷ சுரம் கண்டு அம்மையார் மறைந்தார். அன்று வீட்டுக் கொட்டகையில் நின்ற கார், நின்ற இடத்திலேயே நின்றது. தினமும் காலையில் ஐயா தம் கையாலே துடைப்பார். துடைத்துவிட்டு, தாம் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். விலை கேட்டு வந்தவர்கள் வாசற்படியிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நானும் கருப்பண்ணனும் போனோம். என் வாயிலே தமிழ் வரவில்லை. கருப்பண்ணன்தான் எல்லாவற்றையும் சொன்னார். ஐயா கேட்டார். கடைசியில், “தம்பி, உனக்கு அது வண்டி. எனக்கு அது அவ இருந்த எடம். அதுல கை வைக்கச் சொல்லாதே” என்றார்.

நான் அங்கே ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். அறம், ஈகை, அது இது என்று அடுக்கியிருப்பேன். கருப்பண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “சரிங்க” என்றார். திரும்பினவர், கொட்டகைப் பக்கம் பார்த்துவிட்டு நின்றார். “ஏனுங்க, ஒண்ணு மட்டும் சொல்லலாமுங்களா? கூரை ஒழுகி என்ஜின் துருப்பிடிச்சு எறுகிப்போச்சு. அது இனி ஓடாதுங்க. ஆனா வண்டியோட பாரம் பூராவும் காத்துப்போன சக்கரத்து மேலேயே உக்காந்திருக்குது. இப்படியே உட்டா ஒரு பக்கமா சாஞ்சு போயிருமுங்க. நாலு கட்டை வெச்சுத் தூக்கி நிறுத்தித் தாரேன். வேற எதையும் தொடமாட்டேனுங்க.”

ஐயா தலையசைத்தார். மறுநாள் கருப்பண்ணன் போனார். கட்டை வைத்தார். கூரைக்குக் கீற்று மாற்றினார். அதற்கு மறுநாளும் போனார். துருவைச் சுரண்டி எண்ணெய் தடவினார். ஆக்சிலைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. “உம் வண்டி பட்டறையிலே கிடக்கிறது, ஓடாத வண்டிக்கு உழைக்கிறீரே!” என்றேன். “பாக்கச் சகிக்கலீங்க. அந்தம்மா நல்லா ஓட்டுவாங்க, நான் பாத்திருக்கேன்” என்றார். அவ்வளவுதான்.

பங்குனி மாதம், ஒரு நண்பகல். கருப்பண்ணன் அந்தக் கொட்டகையில் இருக்கிறார். ஐயா அவருக்கு மோர் கொண்டுவருகிறார். நானும் அங்கே இருந்தேன். அப்போது சைக்கிளிலே வந்து விழுந்தார், இந்த அடிவாரத்துக் கடைக்காரர் அப்பாசாமி.

“கருப்பண்ணா! திண்ணனூர் நாட்டு மாதன் பொஞ்சாதி பாவாயியத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. ராத்திரியே வலி கண்டுருச்சாம். வண்டியில ஏத்திப் பாத்தோம், குலுக்கற குலுக்கல்ல ரத்தம் கொட்டுது. எறக்கிப் படுக்க வெச்சிருக்குது. உன் ஊட்டுக்காரி ருக்குமணிதான் கூட இருக்கறா. என்ன பண்றது?”

பாவாயி யார் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். அவள் தன் முதல் பிள்ளையைத் துறையூர் ரோட்டிலே, மாட்டுவண்டியிலே பறிகொடுத்தவள்.

கருப்பண்ணன் எண்ணெய்க் கையைத் துண்டிலே துடைத்தார். எதையும் கேட்கவில்லை. ஐயாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வெளியே நடந்தார்.

“எங்கே போறே?” என்றார் ஐயா.

“தெருவுல ஆளு பிடிக்கறேனுங்க. கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்துரலாமான்னு பாக்கறேன்.”

“அத்தனை தூரமா?”

“வேற வழி இல்லீங்களே.”

ஐயா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். நேரே காரிடம் போனார். அதன் கதவிலே கையை வைத்துக்கொண்டு நின்றார். எங்களுக்கு முதுகு மட்டுந்தான் தெரிந்தது.

“அவ இருந்திருந்தா, அப்பாசாமி சொல்லி முடிக்கிறதுக்குள்ளே வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருப்பா. நான் அவ வண்டியைக் காப்பாத்தி வச்சேன். அவ குணத்தை மறந்துட்டேன். கருப்பண்ணா, அந்தத் திருகு எப்படிக் கழட்டணும்னு காட்டு. மொதல்ல நான் கை வைக்கிறேன்.”

“ஐயா, யோசிச்சுக்குங்க. கழட்டிட்டா…”

“காட்டுடா!”

தாய்மார்களே, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், நானும் துடைத்துக்கொள்கிறேன்.

முதல் திருகை அவர் கழற்றினார். மிச்சத்தைக் கருப்பண்ணன் கழற்றினார். எண்ணெய்க்குள்ளேயே கிடந்ததால் அந்தத் தண்டிலே துரும்பளவு துரு இல்லை! தோளிலே போட்டுக்கொண்டு பட்டறைக்கு ஓடினார்கள். பொருந்தியதா? தாய் மடியிலே பிள்ளை பொருந்துவது போலப் பொருந்தியது! வெயில் சாயுமுன் கார் புறப்பட்டது. “நானும் வாரேன்” என்று ஐயா முன்னால் ஏறிக்கொண்டார்.

பாவாயியை ஏற்றிக்கொண்டு துறையூருக்குத் திரும்பி வரும்போது நடந்ததை ருக்குமணி எனக்குச் சொன்னாள். பின்னால் அவள் மடியிலே பாவாயி. வலி வரும்போதெல்லாம் எதையாவது பிடித்துக்கொள்ளக் கையை நீட்டித் தவிக்கிறாள். முன்னால் இருந்த ஐயா திரும்பித் தம் கையைக் கொடுத்தார். அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, உசுரு போவுதுங்க!”

“போகாது சாமி. இது யார் வண்டி தெரியுமா? இது நிக்கவே நிக்காது. கெட்டியாப் பிடிச்சுக்கோ கண்ணு.”

துறையூர் வரும்வரை அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். அதோ, மாதனுக்குப் பக்கத்திலே உட்கார்ந்திருக்கிறாள் பாவாயி. அவள் மடியிலே, என் பேச்சு பிடிக்காமல் தூங்குகிறதே, அதுதான் அந்தக் குழந்தை!

மறுநாள் காலை கருப்பண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. ஆக்சில் இழந்து நிற்கும் காரைப் பார்த்து ஐயா உடைந்து போயிருப்பாரோ என்று பயந்துகொண்டே போனோம். கொட்டகையிலே ஐயா தரையில் உட்கார்ந்திருக்கிறார். கையெல்லாம் கறுப்பு. காரின் முன்விளக்கைக் கழற்றி மடியிலே வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்!

“வா கருப்பண்ணா. உன் வண்டியிலே ஒரு விளக்கு எரியலையே, நேத்துப் பார்த்தேன். இன்னும் என்னென்ன வேணும்னு சொல்லு.”

“ஐயா, அம்மாவோட வண்டிங்களே…”

அவர் சிரித்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. “ஆறு வருஷமா அவளைக் கொட்டகையிலே நிறுத்தி வச்சிருந்தேன்டா. நேத்துத்தான் அவ மறுபடி ஓட்டினா” என்றார்.

உதிரிச் சாமான் என்கிறோம். உதிர்ந்ததா அது? உதிர்ந்திருந்த மனிதர்களை ஒன்று சேர்த்ததல்லவா! கம்பெனி கைவிட்டது, கப்பல் கைவிட்டது, கடைவீதி கைவிட்டது. மனிதர் கைவிட்டாரா? இந்தக் கொட்டகையின் ஒரு பாதியில் கருப்பண்ணனின் கார் நிற்கும். மறுபாதியில் மரகதம்மாளின் காரிலிருந்து கழற்றிய சாமான்கள், துணி சுற்றி, எண்ணெய் தடவி, காத்திருக்கும். பாறை உடைத்துச் சுவர் எழுப்பியவர்கள் நீங்கள். மூங்கில் கொண்டுவந்தவர்கள் நீங்கள். உங்களில் யாருக்காவது…

என்ன அப்பாசாமி, கையைக் காட்டுகிறீர்? மேலேயிருந்து ஆள் இறங்குகிறதா? யார்? காய்ச்சலில் நினைவு தப்பிய பெரியவரா? கருப்பண்ணன் எங்கே? அதோ, அவர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறார்! பெரியோர்களே, நடுவிலே வழி விடுங்கள்! பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ளுங்கள்! அருணாசலனார் அவர்களே, மெல்ல இறங்குங்கள், படி வழுக்கும்! ருக்குமணி, ஐயா கையைப் பிடித்துக்கொள்ளம்மா!

ஏறிவிட்டார். முன்னால்தான் ஏறியிருக்கிறார்.

கொட்டகை வாசலில் கட்டிய நாடாவை வெட்டவில்லை என்று தலைவர் கவலைப்படுகிறார். வேண்டாம் தலைவரே, கார் தானே அறுத்துக்கொண்டு போய்விட்டது! கேளுங்கள், அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். இனி நான் பேசி என்ன ஆகவேண்டும்? தலைமை தாங்கிய கவுண்டருக்கும், கல் சுமந்த கைகளுக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. அவர்கள் திரும்பி வரும்வரை யாரும் மலை ஏறிவிடாதீர்கள். சேர்ந்தே சாப்பிடுவோம். வணக்கம்!