தண்ணீர் கேட்காத ரோஜா

ஏற்காட்டில் ரோஜா வளர்க்கிறவர்கள் செய்கிற தப்பு ஒன்றுதான், சார். அளவுக்கு மீறிக் கவனிக்கிறார்கள். பனிமூட்டம் பாதி நாள் இலையை நனைத்துக்கொண்டிருக்கும். இவர்கள் அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, கரும்புள்ளி விழுந்துவிட்டதென்று மருந்து வாங்க சேலத்துக்கு ஓடுவார்கள்.

என் மனைவி அற்புதமும் அந்த ரகம்தான். வாசலில் அவள் வைத்திருந்தது முழுக்க ஒட்டு ரோஜா. பெற்ற பிள்ளைக்குக்கூட அத்தனை சீராட்டு நடந்ததில்லை. பக்கவாதம் வந்து அவள் படுத்த பிறகு அவற்றைக் கவனிக்க ஆளில்லை. நானே பிடுங்கிப்போட்டேன். எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது என்னோடு வேலை பார்த்த மாதப்பன் தலைச்சோலையில் இருக்கிறார். அவர் வேலியோரம் கிடந்த புதர் ரோஜாவில் குச்சி வெட்டிவந்து நட்டேன். சொந்த வேரில் நிற்கிற செடி. அடியில் காப்பித் தோலைப் பரப்பிவிட்டால் போதும்.

"வேர் புடிச்சப்பறம் கொஞ்சிக்கிட்டு இருக்காதீங்க ரைட்டரே. கெளை வெட்டிக் கவாத்துப் பண்றதுக்கு முன்னாடி நல்லாக் காயப்போடுங்க. அப்பத்தான் வீம்புக்குத் துளுக்குமுங்க" என்றார். சொன்னபடி தண்ணீரை நிறுத்தினேன். அடுத்த பருவத்தில் இலை தெரியாமல் பூத்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அற்புதத்தைப் பார்த்துக்கொண்டது நான் ஒருவன்தான். மகன் ஜெப்சன் துபாயில் இருக்கிறான். உதவிக்கு வந்த சசிகலா கல்யாணமாகிப் போய்விட்டாள். மழைக்காலத்தில் இந்த மலையில் துணி காயாது. ஈர விரிப்புகளை அடுப்படியில் தொங்கவிடுவேன், வீடே மூத்திரம் நாறும். எழுபது தாண்டிய உடம்பு, சார். அவளைப் புரட்டிப் போட்டுவிட்டு சமையல்கட்டில் போய் அழுதிருக்கிறேன். அவள்மேல் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை.

குடிக்கிற தண்ணீரைக் குறைத்தால் விரிப்பு நனையாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். முதலில் சாயங்காலத் தண்ணீரை நிறுத்தினேன். பிறகு கஞ்சியைக் கெட்டியாக்கினேன். பிறகு மத்தியானமும் கொடுக்கவில்லை. விரிப்பு காய்ந்தே இருந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன், கர்த்தருக்கு நன்றியும் சொன்னேன்.

அந்த வாரம் சபைப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். பிரிஸ்கில்லா சாத்துக்குடி கொண்டுவந்திருந்தாள்.

"ஏனுங்கண்ணா, அக்காவுக்கு உதடெல்லாம் வெடிச்சுக் கெடக்குதுங்களே. கொஞ்சம் புழிஞ்சு குடுக்கட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. அக்கா உபவாச ஜெபத்துல இருக்கா."

வாயில் அதுதான் வந்தது. எங்கள் சபையில் அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இன்னொருவருடைய உபவாசத்தை முறிக்க யாருக்குத் துணிச்சல் வரும்? பிரிஸ்கில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாத்துக்குடியைப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"ஒடம்பு இப்படி இருக்கறப்பவும் உபவாசமுங்களா? நொம்பப் பெரிய விசுவாசமுங்க" என்றாள்.

எல்லோரும் கட்டிலைச் சுற்றி முழங்கால் போட்டார்கள். பாடினார்கள். பாட்டுக்கு நடுவே அற்புதம் நல்லாயிருந்த கையைத் தூக்கினாள். உதடு அசைந்தது. "அக்காவும் நம்மளோட ஜெபிக்கறாங்க" என்று ஒருத்தி சொல்ல, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று எல்லோரும் உருகினார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர்கள் போனபிறகாவது கொடுத்திருக்கலாம். சொம்பு நிறையத் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது, மாற்று விரிப்பு காயவில்லை. விடியட்டும் என்றிருந்தேன். விடிந்தபோது அவள் இல்லை.

வாக்குமூலத்தில் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். உட்கார்ந்து பேசும்போது அது சரியென்று படவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் குழறுவது ஊரில் ஒருவருக்கும் புரியாது. கூடவே இருந்ததால் எனக்குப் புரியும். அன்று அவள் ஜெபிக்கவில்லை. என்னை விட்டுவிட்டு, பிரிஸ்கில்லாவைப் பார்த்து, "தண்ணி குடு கண்ணு, தண்ணி குடு கண்ணு" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஆமென் சொன்னேன்.