பீமன் வேஷத்தை விட்டவர்

திருமயத்தில் ஏறிய இரண்டு பேர் பஸ்ஸில் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பருத்த உடம்புக்காரருக்கு வலது கையில் கட்டுப் போட்டிருந்தது.

"நேத்தோட பீமனை விட்டுட்டேன்ப்பா. இனிமே நீதான் பீமன்" என்றார்.

பக்கத்திலிருந்தவர் திகைத்துப்போனார். "நானாண்ணே? இத்தனை வருஷமா மேடையில ஒங்ககிட்ட அடி வாங்குன துரியோதனன் நான். சனங்க ஏத்துக்குவாங்களா?"

"மொத நாளு சிரிப்பாங்க. அப்புறம் பழகிரும்."

"கை சரியாயிட்டா நீங்களே வரலாமுல்ல?"

"கதாயுதமெல்லாம் இனிமே தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கீரமங்கலத்துல மச்சான் பூக்கடைக்குக் கூப்புடுறான். பூ நிறுக்க எடது கை போதும்."

"நாடகத்த விட்டுட்டு இருந்துருவீங்களாண்ணே?"

"இருந்துதானே ஆகணும்."

பருத்தவர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"துரியோதனனுக்குப் புது ஆளு வாரான். கடைசிச் சண்டையில கை ஓங்குறது பெருசா இருக்கணும், தொடையில விழுறது மெதுவா விழணும். ஒனக்கு ஒரு நாளாச்சும் வலிச்சிருக்கா?"

"வலிச்சுச்சுண்ணே. சொன்னா வேற ஆளைப் போட்டுருவாங்கன்னு சொல்லல."

பருத்தவர் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாக அவர் தொடைமேல் வைத்தார். புதுக்கோட்டை வரும்வரை எடுக்கவில்லை.