முறிகண்டியில் திறந்த மூடி

பழைய எஞ்சினுக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தக் கூடாது, ஐயா. வன்னித் தண்ணியில சுண்ணாம்புக்கல் கூடுதல், ரேடியேற்றர் அடைச்சுப்போகும். மாங்குளத்தில கராஜ் போட்ட நாளில இருந்து இதைத்தான் சொல்லுறன். ஆர் கேக்கினம்?

சதீஸ் கேக்கவே மாட்டான். சொல்புத்தியும் இல்லை, சுயபுத்தியும் இல்லை. ஆக்களை ஏத்தி ஹயர் ஓடுற அவன்ர பழைய லான்சர் காருக்குக் கம்பனிச் சாமான் இப்ப எங்க கிடைக்குது? வெளிச்சாமான் தேடி எடுத்து நான்தான் பூட்டினனான். ரேடியேற்றர், கரண்ட் ஃபான், தெர்மோஸ்டாட் எல்லாம் புதுசு. ஃபானைத் தாங்க இரும்பு வெட்டி நானே ஒட்டினன்.

தெர்மோஸ்டாட் எண்டது எஞ்சின் சூடானாப் பிறகு தண்ணிக்கு வழி விடுற சின்ன வால்வு. எங்கட வெயிலுக்கு அது தேவையில்லையெண்டு இஞ்ச கனபேர் கழட்டி எறியிறவை. அவனும் கழட்டினான். அதோட விட்டானோ? தேத்தண்ணிக்கடையில சனம் நிறைஞ்சிருக்க, அதைக் கொண்டுவந்து என்ர பிளேன்ரிக் கோப்பைக்குள்ள போட்டான். பரமலிங்கண்ணையின்ர மூளை, என்ர மூளைதான், கழண்டு தன்ர எஞ்சினுக்குள்ள கிடந்ததாம். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சனான். வெக்கம் பிடுங்கித் திண்டது, சொல்லுறதுக்கென்ன.

பிறகு பெற்றோல் கூடக் குடிக்குதெண்டு தானே வந்தான், திரும்பப் பூட்டிவிடச் சொல்லி. திறக்காமல் இறுகிப்போன வால்வு ஒண்டு என்னட்டக் கிடந்தது. அதைப் பூட்டினன். சூடு காட்டுற மீற்றரின்ர வயரைக் கழட்டி, வயர் ஒட்டுற ரேப் சுத்தி உள்ளுக்குத் தள்ளினன். எஞ்சின் கொதிச்சாலும் ஊசி எழும்பாது. நீங்கள் பொலிசில காரைக் காட்டின கிளிநொச்சி மெக்கானிக் அந்த வயரைக் கண்டுபிடிச்சிட்டான் எண்டு சொல்லுறியள். கெட்டிக்காரன்தான்.

யாழ்ப்பாணம் போற வாகனமெல்லாம் முறிகண்டிக் கோயிலடியில நிண்டு தேங்காய் உடைச்சிட்டுத்தான் போகும். சதீஸ் உடைச்ச கையோட பொனற்றைத் தூக்குவான். ரேடியேற்றர் மூடியைத் திறந்து, குனிஞ்சு தண்ணி பாப்பான். எத்தினை தரம் கண்டிருப்பன்.

ஆனா நான் அவனுக்குச் சொன்னனான். அதையும் எழுதுங்கோ. அதே கடையில, அதே சனத்துக்கு முன்னால சத்தமாச் சொன்னனான்.

"தம்பி, முறிகண்டியில மூடியைத் திறவாதை. ஊசி எங்க நிண்டாலும் திறவாதை."

"ஊசி கீழ நிண்டாத் திறப்பன் அண்ணை. தேங்காயோட சேத்து உங்கட கதையையும் உடைக்கிறன்" எண்டான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் அண்டைக்கு அவன் மூடியைத் திறக்க மறந்தும் போயிருப்பான். நான் ஒண்டு சொன்னா அதுக்கு நேரெதிர்தான் செய்வான். அது தெரிஞ்சுதான் சொன்னனான்.

மூடியைத் திறந்த உடன கொதிதண்ணி அவன்ர முகத்தில பட்டு ஆளுயரத்துக்கு அடிச்சதாம். கோயிலடியில கச்சான் கடலை விக்கிற மனுசிதான் முதல்ல ஓடிவந்தவவாம்.

ஆஸ்பத்திரிக்கும் போனனான். ரண்டு கண்ணிலயும் கட்டு. இனிப் பார்வை வராதெண்டு அவன்ர மனுசி சுமித்திரா சுவரோட சாஞ்சு அழுதா. என்ர குரல் கேட்டதும் அவன் கையை நீட்டித் தடவினான்.

"அண்ணை, நீங்கள் சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை" எண்டான்.

கடைச்சனம் அதைக் கேக்கக் குடுத்துவைக்கேல்லை. அந்த ஒரு குறைதான் எனக்கு.

என்ன தண்டனை எண்டாலும் எழுதுங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன். ஆனா அந்தக் காரை மட்டும் என்னட்ட ஒருக்கா விடச் சொல்லுங்கோ, ஐயா. நல்ல வால்வு ஒண்டு எடுத்து வைச்சிருக்கிறன். இனி அவன் கழட்டமாட்டான்.