யுரேனியக் கல்லுக்குப் பனியன் துணிப்பை

காங்கேயம் பஸ்ஸில், மூன்று பேர் சீட்டில், எனக்குப் பக்கத்தில் ஓர் இளம் தம்பதி.

"யுரேனியக் கல்லப் போடத் தெச்சேனுங்க" என்று மனைவி துணிப்பைகளை எடுத்தாள். மகாவீரனான நான் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன்.

"கல்லு இன்னும் கெடைக்கவே இல்லியே அம்மிணி. இனித்தான் ரோடே இல்லாத மலையில கதிர்வீச்சு மீட்டரத் தூக்கீட்டு நடந்து தேடோணும்."

எனக்கு மூச்சு வந்தது.

"பனியன் துணியில தெச்சிருக்கறியே! கல்லப் போட்டா தரைவரைக்கும் தொங்குமே."

"எங்க பனியன் கம்பெனியில வேற துணி ஏதுங்க? அங்க போன் டவரும் எடுக்காதுங்கறீங்க. நாந்தெச்சது ஒண்ணாவது உங்ககூட இருக்கட்டும்னுதான்…"

அவன் ஒரு பையைத் தலையில் மாட்டிக்கொண்டான். "அங்க குளுரு கடுமையாமா. இது எனக்கே வேணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் காதுவரை இழுத்துவிட்டாள்.

"கல்லு கெடைக்காட்டிப் போகுதுங்க. காது பத்திரம்."